ஏரை விட்டோம், ஏரியையும் விடலாமா?

(பத்தாம் வகுப்பு மாணவி)

“ஒழுங்காகப் படி! இல்லாவிட்டால் மாடு மேய்க்கத்தான் போக வேண்டும்!”

இந்த ஏச்சைக் கேளாமல் பத்தாம் வகுப்பு வரை ஏறி வந்த மாணவி நம் பள்ளியில் ஒருத்தியாவது இருப்பாளா என்பது ஐயமே. கணக்கில் மதிப்பெண் குறைந்தால் அப்பா சொல்கிறார். தொலைக்காட்சி முன் சற்றுக் கூடுதலாக அமர்ந்தால் அம்மா சொல்கிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படித் திட்டுகிற பெரியவர்களில் பலர் மாடு மேய்த்தவர்களின் பிள்ளைகள். சிலர் தாமே பள்ளி விட்டு வந்ததும் மாட்டை ஓட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனவர்கள். அந்த மாட்டின் பாலை விற்ற காசில்தான் அவர்களுக்குச் சிலேட்டும் புத்தகமும் வந்தன.

அன்புத் தோழியரே, மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளே, பெற்றோர்களே! ஒரே தலைமுறைக்குள் ஒரு தொழில் ஏச்சுச் சொல்லாக மாறியது எப்படி? உழவை விட்டு வேறு வேலைக்குப் போன நம் கிராமத்து மக்களின் மனமும் நோக்கும் எவ்வாறு மாறியிருக்கின்றன? அம்மாற்றத்தில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது? இதைப் பற்றி எங்கள் வகுப்பில் நாங்கள் பலமுறை வாதாடியிருக்கிறோம். அதன் பயனாய் எங்களுக்கு ஏற்பட்ட கருத்தை இங்கே எழுதுகிறோம்.

நாம் வாழும் இடம்

இதை எண்ணிப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் ஊரின் பெயரே போதும். அணுபுரம் என்பது அணுசக்தித் துறையின் பணியாளர்களுக்காக எழுந்த குடியிருப்பு. பழைய ஊர்ப் பெயர்களில் பாக்கம் உண்டு, பட்டினம் உண்டு, குன்றம் உண்டு. அணு என்று தொடங்கும் பெயர் நம் பாட்டிமார் கேள்விப்படாதது. 1971-இல் கல்பாக்கத்தில் அணு உலை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984-லும் இரண்டாம் அலகு 1986-லும் வணிக முறையில் மின் உற்பத்தியைத் தொடங்கின. அதற்கு முன் இந்தக் கரையோரத்தில் நெல்லும் வேர்க்கடலையும் சவுக்கும் பனையும் மீன்பிடிப்பும்தான் பிழைப்பு. சொர்ணவாரி, சம்பா, நவரை என்ற மூன்று போகத்தின் பெயரைச் சொல்லித்தான் இப்பக்கத்து மக்கள் ஆண்டைக் கணக்கிட்டார்கள்.

இன்றோ காலையில் சாலையோரம் நின்று பாருங்கள். நிலையத்துக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள் ஒருபுறம். மறைமலைநகர்த் தொழிற்சாலைகளுக்கும், 2002-இல் செங்கல்பட்டு அருகே தொடங்கிய மகேந்திரா சிட்டிக்கும் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற அக்காமார் ஒருபுறம். கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில் தோட்டவேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போகிறவர்கள் இன்னொரு புறம். அவர்கள் கடந்து போகிற வயல்களில் பலவற்றில் நாற்று இல்லை. வண்ணம் பூசிய எல்லைக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. “வீட்டு மனைகள் விற்பனைக்கு” என்ற பலகைதான் அங்கே பயிர்.

எங்கள் வகுப்பிலும் இரு உலகமும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கின்றன. ஒருத்தியின் அப்பா அறிவியலாளர். அடுத்தவளின் அப்பா வாயலூர்ப் பக்கம் அரைக் காணி பயிர் வைத்துக்கொண்டு மீதி நாளில் கொத்து வேலைக்குப் போகிறவர். “அப்பா என்ன செய்கிறார்?” என்ற கேள்விக்கு முன்னவள் உரக்கப் பதில் சொல்கிறாள். பின்னவள் “கட்டட வேலை” என்கிறாள். “விவசாயம்” என்று சொல்ல அவளுக்கு நா எழுவதில்லை. இதுதான் எங்களை எழுதத் தூண்டியது.

இது நம் ஊர்க் கதை மட்டுமன்று. 1951-இல் உழைக்கும் இந்தியரில் பத்துக்கு ஏழு பேர் உழவையும் வயற்கூலியையும் நம்பியிருந்தனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது பாதிக்குச் சற்று மேல் என்று குறைந்தது. தமிழ்நாட்டில் சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிரிடுவோர் தொகை 2001-இல் சுமார் 51 லட்சம். பத்தே ஆண்டில் அது சுமார் 42 லட்சம் ஆயிற்று. ஜப்பானில் உழவர்களின் சராசரி வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. இளைஞர் எல்லோரும் நகரத்திலே. ஆகவே உழவை விட்டுப் போவது உலக வழக்கு. அதைத் தடுத்து நிறுத்த யாராலும் இயலாது. நிறுத்த வேண்டும் என்று நாங்கள் சொல்லவும் இல்லை.

வயல் கற்பித்த பாடம்

உழவு நம் முன்னோருக்குச் சோறு மட்டும் தரவில்லை. சில பழக்கங்களையும் தந்தது. செங்கல்பட்டுச் சீமைக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். ஏரிப் பாசனத்தில் ஒருவன் தனியாகப் பயிர் செய்ய முடியாது. மேல் மடைக்காரன் தண்ணீரை அடைத்துக்கொண்டால் கடை மடைக்காரன் பயிர் காயும். கரை உடைந்தால் எல்லோர் வீட்டிலும் உலை கவிழும். எனவே, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அண்டை வயல்காரனோடு பேசித்தான் ஆகவேண்டும். பரவாயில்லை, போகட்டும் என்று விட்டுக்கொடுக்கும் குணமும், முறை வந்தால்தான் மடை திறக்கவேண்டும் என்ற கட்டுப்பாடும் அப்படித்தான் பிறந்தன.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டைப் பற்றி நாம் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். குடவோலை என்று எழுதி மதிப்பெண் வாங்கியதோடு நின்றுவிட்டோம். அந்த ஓலையால் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? மற்ற வாரியங்களோடு ஏரி வாரியத்துக்கும் ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள்! பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு வேண்டும் என்று நம் மக்கள் உணர்ந்திருந்தனர்.

இன்னொரு சான்று. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயர் செங்கல்பட்டுச் சீமையில் சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். களத்தில் நெல் குவிந்ததும் நிலத்துக்காரர் அப்படியே வீட்டுக்கு அள்ளிப் போகவில்லை என்பது அக்கணக்கில் தெரிகிறது. கோயிலுக்கு, ஏரிப் பராமரிப்புக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, கணக்கருக்கு, கல்வி கற்பிப்போருக்கு என்று பங்கு பிரித்த பிறகே மிச்சம் வீடு சேர்ந்தது. பொதுவுக்குப் போக எஞ்சியதே எனக்கு என்ற எண்ணம் களத்துமேட்டிலேயே பழக்கமாகியிருந்தது.

வேடந்தாங்கலைச் சொல்லாமல் இருக்க முடியுமா? மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள அந்தச் சிற்றூரின் ஏரியில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பறவைகள் வந்து கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். ஆகையால் ஊரார் பறவைகளைத் தம் பிள்ளைகளைப் போலக் காத்தனர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டு, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உரிமையே பெற்றுவிட்டனர். வனவிலங்குச் சட்டம் என்ற சொல்லே இல்லாத நாளில் உழவர்கள் செய்த காரியம் இது!

அந்த நிழலில் நின்றவர் யார்?

இதுவரை படித்தவர்கள், “ஆகா, பழைய காலமே பொற்காலம்” என்று எண்ணிவிடக்கூடாது. எங்கள் வகுப்பில் இவ்விடத்தில்தான் வாதம் சூடுபிடித்தது. “களத்தில் பங்கு கொடுத்தார்கள் என்கிறீர்களே, எங்கள் கொள்ளுத் தாத்தாவுக்கு என்ன கொடுத்தார்கள்?” என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி.

இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டராயிருந்த டிரெமன்ஹீர் என்பவர் 1891-இல் அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். சேற்றில் இறங்கி உழைத்த ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் இல்லை. குடியிருந்த குடிசையின் மனைகூட அவர்களுடையதில்லை. பட்ட கடனுக்காக ஆண்டைக்கு அடிமைப்பட்டுக் கிடந்தனர் என்று அவர் விரிவாக எழுதினார். அதன் விளைவாக 1892-இல் பிறந்த அரசாணையே பின்னாளில் நாம் பஞ்சமி நிலம் என்று கேள்விப்படுகிற நிலங்களுக்கு வழி வகுத்தது. கொத்தடிமை முறையைச் சட்டத்தால் ஒழிக்க 1976 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஒரே மாவட்டம், ஒரே நெல். பர்னார்டின் கணக்கையும் டிரெமன்ஹீரின் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் கிராமத்தின் முழு உருவம் தெரிகிறது. பகிர்ந்துண்ணும் பழக்கமும் அங்கே இருந்தது. பந்திக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் அங்கே இருந்தனர்.

எனவே, வயலை விட்டு ஒருவர் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது அவர் வேலையை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. கைகட்டி நிற்பதை விடுகிறார். முதுகு வளைத்துக் கூலி கேட்ட இடத்தை விடுகிறார். மாதம் பிறந்தால் சம்பளம் வங்கிக்கு வருகிறது. அதற்காக யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. மகளைப் பதினெட்டு வயதுக்கு முன் மணமுடித்து அனுப்பாமல் கல்லூரிக்கு அனுப்பலாம் என்ற துணிவு வருகிறது. நடவுக்குக் குனிந்த தாயின் மகள் நாற்காலியில் அமர்ந்து வேலை பார்க்கிறாள். இதைக் குறை சொல்ல யாருக்கு உரிமை உண்டு? பானையில் கஞ்சி இருந்ததா என்று பாராமல், பழமையைப் புகழ்வது நிழலில் இருப்பவனின் பேச்சு.

மாறிய மனம்

இருப்பினும் சில மாற்றங்களைக் கண்டு நாங்கள் கவலைப்படவே செய்கிறோம்.

முதலாவது, பக்கத்து வீட்டாரைப் பற்றிய எண்ணம். முன்பு இன்று உன் வயலில் நான் நடுவேன், நாளை என் வயலில் நீ நடு என்று மாற்றாள் வேலை நடந்தது. ஒருவர் உதவி ஒருவருக்குத் தேவைப்பட்டது. இன்று உதவிக்குப் பதில் பணம் போதும். ஒருவர் ‘ஏ’ ஷிப்டு, ஒருவர் இரவு ஷிப்டு. ஒரே தெருவில் இருந்தும் முகம் பார்த்துப் பேச ஞாயிற்றுக்கிழமை வரவேண்டியிருக்கிறது. பணம் நம்மை அண்டை வீட்டுக்காரரின் தயவிலிருந்து விடுவித்தது உண்மை. கூடவே அண்டை வீட்டுக்காரரிடமிருந்தும் பிரித்துவிட்டது.

இரண்டாவது, நிலத்தைப் பற்றிய எண்ணம். முன்பு நிலம் எத்தனை மூட்டை விளையும் என்று கேட்டார்கள். இப்போது சதுர அடி என்ன விலை என்று கேட்கிறார்கள். விளையும் நிலத்தை விட விற்கும் நிலத்துக்கு மதிப்பு மிகுந்ததும் உடன்பிறந்தோர் நீதிமன்றத்தில் சந்திக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதற்கும் 2005-லும் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, மகனைப் போலவே மகளுக்கும் குடும்பச் சொத்தில் பங்கு வந்தது. ஆனால் பத்திரப் பதிவு நாளன்று அக்கா தங்கையரைப் புடவை வாங்கித் தருவதாகச் சொல்லி அழைத்து வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. தோழியரே, நாளை நம்மையும் அழைப்பார்கள், நினைவிருக்கட்டும்! வேலை நவீனமாகிவிட்டது, மகளைப் பற்றிய எண்ணம் மட்டும் பழைய களத்துமேட்டிலேயே நிற்கலாமா?

மூன்றாவதும் பெரியதும், ஏரியைப் பற்றிய எண்ணம். வயல் இருந்தவரை ஏரி எல்லோர் கவலையாகவும் இருந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தூர் வாரினார்கள். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். இன்று வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறது. வராவிட்டால் லாரியில் வருகிறது. ஏரி நிரம்பினால் என்ன, வற்றினால் என்ன என்றாகிவிட்டது. வரத்துக் கால்வாய் மண் மூடிக் கிடப்பதைப் பார்த்துப் பதறுவதற்கு ஆள் இல்லை. மண் மூடிய கால்வாய் பிறகு பாதையாகிறது, பாதை தெருவாகிறது, தெருவுக்குப் பெயரும் வைத்துவிடுகிறார்கள். தண்ணீருக்கு மட்டும் பழைய வழி மறப்பதில்லை. 2015 டிசம்பரில் பெய்த பெருமழையில் முடிச்சூர்ப் பகுதியில் வீடுகளின் மாடிகளிலிருந்து மக்களைப் படகில் மீட்டதை மறந்துவிட்டோமா? ஏரிகளும் நீர்வழிகளும் அடைபட்டதும் அந்த அழிவுக்கு ஒரு காரணம் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்டதே. ஏரை விட்டதால் யாரும் மூழ்கவில்லை; ஏரியை விட்டதால்தான் மூழ்கினார்கள்.

நான்காவது, நாம் முதலில் சொன்ன ஏளனம். சேற்றில் கால் வைப்பவர் தாழ்ந்தவர், மேசைக்கு முன் அமர்பவர் உயர்ந்தவர் என்ற எண்ணம் வயலோடு ஒழிந்திருக்க வேண்டும். அது ஒழியாமல் நம்மோடு பஸ் ஏறிக் குடியிருப்புக்கும் வந்துவிட்டது. நிலமில்லாதவனை நிலமுள்ளவன் இகழ்ந்த அதே பார்வையால் இன்று உழுபவனை உத்தியோகக்காரன் பார்க்கிறான். இகழ்பவர் மாறினார்; இகழ்ச்சி மாறவில்லை.

விட்டும் விடாதவர்கள்

தொழிலை மாற்றிக்கொண்டாலும் அது தந்த அறிவை மதிக்க முடியுமா? முடியும் என்பதற்கு மாமல்லபுரம் அருகிலேயே ஒரு சான்று உண்டு. இருளர் இன மக்கள் வயல்களில் எலி பிடித்தும், பாம்பு பிடித்து அதன் தோலை விற்றும் பிழைத்தவர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் தோல் வியாபாரம் நின்றது. பலர் வாழ வழியின்றித் திகைத்தனர். 1978-இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து செய்யப்படுகிறது. தடத்தைப் பார்த்துப் பாம்பை அறியும் பழைய அறிவு, இன்று வயலில் கடிபட்ட உழவரின் உயிரைக் காக்கிறது. படித்தவர்கள் அவர்களைத் தேடிப் போய்க் கற்றுக்கொள்கிறார்கள். தொழிலின் உருவம் மாறியது. அறிவுக்கு உரிய மரியாதையும் கிடைத்தது.

எங்கள் வேண்டுகோள்

பெற்றோர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறோம். எங்களைக் கண்டியுங்கள், கைப்பேசியை வாங்கி வையுங்கள். ஆனால் மாடு மேய்க்கப் போவாய் என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். மாமல்லபுரத்தில் கிருஷ்ண மண்டபத்துப் பாறையில் ஓர் ஆயன் பால் கறக்கிறான். பசு தன் கன்றை நக்கிக் கொடுக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் செதுக்கிய அந்த மாடு மேய்ப்பவனைக் காணக் கடல் கடந்து மக்கள் வருகிறார்கள். 1984-இல் யுனெஸ்கோ அந்தச் சிற்பங்களை உலக மரபுச் செல்வம் என்று ஏற்றது. பல்லவர் மலையில் ஏற்றி வைத்தவனை நாம் வீட்டுக்குள் இழிவாகப் பேசலாமா? வள்ளுவர் உழவுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். மறைக்கல்வி வகுப்பில் நாம் கேட்கும் விதைப்பவர் உவமையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாறை நிலத்தையும் முட்புதரையும் நல்ல நிலத்தையும் கண்ணால் காணாத பிள்ளைக்கு அது எப்படி விளங்கும்?

அருட்சகோதரிகளே, ஆசிரியர்களே, உங்களிடமும் ஒன்று. ஆண்டுதோறும் சுற்றுலா போகிறோம். ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால், அருகிலுள்ள ஒரு கிராமத்து ஏரிக்கு எங்களை அழைத்துச் செல்லுங்கள். அதற்கு எத்தனை மதகு, கலங்கல் எங்கே, தண்ணீர் எந்தக் கால்வாய் வழியாக வருகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று நாங்கள் வரைபடம் எழுதுகிறோம். மதகைக் காட்டி விளக்கம் சொல்ல அவ்வூர்ப் பெரியவர் ஒருவரை அழைப்போம். “விவசாயம்” என்று சொல்லத் தயங்கும் நம் தோழியின் தாத்தாவே அன்று எங்களுக்கு ஆசிரியராக வரலாம். வரைபடத்தை ஊராட்சித் தலைவரிடம் கொடுப்போம். அறிவியல் கண்காட்சியிலும் வைப்போம்.

தோழியரே, இறுதியாக நமக்கு. நம்மில் பலர் உழவுக்குத் திரும்பப் போவதில்லை. மருத்துவராவோம், பொறியாளராவோம், செவிலியாவோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் பாட்டிமார் குனிந்து நட்டது நாம் நிமிர்ந்து நடப்பதற்காகத்தான். ஆயினும் சோறு உண்ணும் வரை நாம் யாவரும் ஏதோ ஓர் ஏரியின் ஆயக்கட்டுக்காரர்களே. தண்ணீரை முறைவைத்துப் பகிரவும், பொதுப் பங்கை முதலில் ஒதுக்கவும், கரை உடைந்தால் யாரும் அழைக்காமலே ஓடவும் வயல் கற்றுத் தந்தது. பந்திக்கு வெளியே ஒருவரையும் நிறுத்தாமல் அந்தப் பாடத்தை நாம் கைக்கொள்வோமாக. அடுத்த மழை தொடங்குவதற்குள் அந்த ஒரு வரத்துக் கால்வாயையாவது நடந்து பார்த்துவிடுவோம். வருகிறவர்கள் எங்களிடம் பெயர் கொடுங்கள்.